பாவும் ஊடையுமாக ஒரு புல்சரிவு

வெட்டிய புல்லின் மணத்தைப் பலரும் விரும்பி நுகர்ந்தாலும், தாவரவியல் அதை ஒரு காயத்தின் மணமாகவே விளக்குகிறது. இலை கிழிந்த நொடியில் அதன் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களை நொதிகள், அதாவது உயிர்வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், சிதைக்கத் தொடங்குகின்றன. அந்தச் சிதைவில் ஹெக்ஸெனால் போன்ற, காற்றில் எளிதாகக் கலக்கும் சேர்மங்கள் பிறந்து பரவுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தின் கோயில் வளாகத்தில் அந்த மணம் பெட்ரோல் புகையோடு கலந்து எழுந்தபோது, அங்கே நின்றிருந்த இக்கட்டுரையாளருக்கு நினைவில் முதலில் வந்தது ஒரு கருக்கரிவாள். அதன் பின்னே, பல ஆண்டுகள் தள்ளி, நீலகிரியின் ஈரச் சரிவொன்றில் பக்கவாட்டில் வழுக்கிச் சென்ற ஒரு புல்வெட்டி எந்திரம்.

திருப்பருத்திக்குன்றம் காஞ்சி நகரின் தென்மேற்கே வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த ஊர்; காஞ்சியின் சமணப் பகுதியாக விளங்கியதால் சினகாஞ்சி என்றும் பெயர் பெற்றது. பல்லவர் காலத் தொடர்புடைய சந்திரபிரபர் கோயிலும், வர்த்தமானர் உறையும் திரைலோக்கியநாதர் கோயிலும் இங்கே அருகருகே உள்ளன. விசயநகர அரசின் அமைச்சரான இருகப்பர் 1387-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், அதாவது உட்கூரையில், தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அவ்வோவியங்களையும் கல்வெட்டுகளையும் விரிவாக ஆராய்ந்த டி. என். இராமச்சந்திரனின் நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. ஊர்ப் பெயரில் பருத்தியும் குன்றமும் சேர்ந்தே இருந்தாலும், ஏறினால் மூச்சு வாங்கும்படியான மலை எதுவும் அங்கே இல்லை. அந்தச் சமவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேடு என்றாலும் சரிவு என்றாலும் அது ஏரிக்கரைதான்.

ஏரிக்கரையின் சரிவு தற்செயலாக அமைவதன்று. மண்கரை ஒன்று தன் எடையாலும் நீரின் அழுத்தத்தாலும் சரிந்துவிடாமல் நிற்க வேண்டுமானால், ஓரடி உயரத்திற்கு ஒன்றரை முதல் இரண்டு அடி வரையாவது அதன் பக்கம் வெளியே விரிந்திருக்க வேண்டும் என்பது கரை கட்டுவோர் அறிந்த கணக்கு. நீர் மோதும் உட்புறத்தை அலைகல் எனப்படும் கல்லடுக்கு காக்க, வெளிப்புறத்தைக் காப்பது பெரும்பாலும் அருகம்புல்லே. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படர்ந்து, மழைத்துளி மண்ணைக் கரைக்காமல் அது பிடித்து வைத்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சியின் பிரிவுகளாக ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே குறிப்பிடுவதைப் பார்க்கும்போது, கரையையும் செடிகொடிகளையும் பேணுவது எவ்வளவு பழைய பொதுக் கடமை என்பது விளங்கும். அந்தக் கடமையில் ஒரு பங்கை, அதைக் கடமை என்றே எண்ணாமல், கறவை மாடு வைத்திருந்த வீட்டுப் பெண்கள் நெடுங்காலம் செய்துவந்தனர்.

இக்கட்டுரையாளரின் வீடு காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில், தறிக்குழியின் ஓசையோடு விடியும் தெருவொன்றில் இருந்தது. தறிக்குழி என்பது நெசவாளர் காலை இறக்கி மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தரையில் தோண்டப்படும் பள்ளம். அந்த வீட்டு ஆயாவுக்கு நெசவில் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் ஏற்றித் தருவது, ஒரு வேலையாகவும், பசு மாட்டுக்குப் புல் அறுத்து வருவது மற்றொரு வேலையாகவும் இருந்தது. ஊருக்கு அப்பாலிருந்த ஏரியின் கரைக்கு விடியலிலேயே பேரனையும் அழைத்துச் செல்லும் அவர், வெறுங்காலோடு சரிவில் குறுக்காக நின்று, கீழ்க்காலைச் சற்றும் மடக்காமல் ஊன்றி, மேல்காலை மடித்து, இடக்கையால் ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்து, பல் வைத்த கருக்கரிவாளைத் தன்னை நோக்கி இழுப்பார். அறுத்த பிடியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓரடி பக்கவாட்டில் நகர்வார். கரையின் நீளத்துக்கு ஒரு வரி முடிந்ததும் ஒரு முழம் மேலேறி, வந்த வழியே அடுத்த வரியைத் தொடங்குவார். பேரன் ஓட்டமாகக் கீழிறங்கும்போதெல்லாம் ஒரே எச்சரிக்கைதான் வரும்: "நேரா எறங்காதடா கண்ணு, வழுக்கிடும். குறுக்கால கால வையி."

கட்டிய புல்லைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் அன்றாடச் சிக்கல் காத்திருக்கும். அந்த நேரத்தில் தெருக்களில் பாவு விரித்திருப்பார்கள். பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல்தொகுதி; அதைத் தறியில் ஏற்றுமுன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்து ஒழுங்குபடுத்துவது காலைத் தெருவின் வழக்கமான காட்சியாக இருந்தது. புல்கட்டிலிருந்து சொட்டும் பனிநீரோ ஒட்டியிருக்கும் நெருஞ்சி முள்ளோ சாயமேற்றிய பட்டு இழையில் பட்டுவிட்டால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தார் சுற்றும் ஆயாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நேர்வழியை விட்டு, இரண்டு தெரு சுற்றி, கட்டைத் தலையில் சுமந்தபடியே கொல்லைப்புறமாக அவர் வீடு சேர்வார். அந்தக் கட்டு தொழுவத்தில் அவிழும்போது எழுந்த மணமும், உள்ளே புதுச்சாயத்தின் மணமும் கலந்ததே அவ்வீட்டின் காலை.

திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் வளாகத்தில் புல் வெட்டும் முறை இதிலிருந்து சற்று வேறுபட்டது. சமண சமயம் ஓரறிவு உயிர்களையும் உயிராகவே எண்ணுவதால், துறவியர் நடக்கும்போது சில முழத் தொலைவுக்கு முன்தரையைப் பார்த்தே அடியெடுத்து வைப்பர். அமரும் இடத்தை மயிற்பீலியால், அதாவது மயில் தோகைக் கற்றையால், மென்மையாகத் துடைத்த பின்னரே அமர்வர். முளைகளும் பூச்சிகளும் பெருகும் மழைக்காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்லாமல் ஓரிடத்திலேயே தங்குவர். இல்லறத்தார்க்கு இந்நெறிகள் இவ்வளவு கடுமையாக விதிக்கப்படவில்லை என்றாலும் அவற்றின் சாயல் அன்றாடச் செயல்களில் படிந்தே இருந்தது. மழை ஓய்ந்து கூலியாட்கள் அரிவாளோடு வந்து அமரும்போது, கோயிலைப் பார்த்துக்கொண்ட முதியவரான நயினார் ஒருவர், தமிழ்ச் சமணரை மரியாதையாகக் குறிக்கும் சொல் அது, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, புல்தரையில் கைதட்டிக்கொண்டே மெல்ல நடக்கச் சொல்வார். தவளையும் வெட்டுக்கிளியும் பூரானும் விலகிச் செல்ல அவகாசம் கொடுத்த பிறகே முதல் பிடி அறுபடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருந்தது.

எந்திரம் புல்லைத் தொடுவதை இக்கட்டுரையாளர் முதன்முதலில் கண்டது, இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலின் முன்னுள்ள புல்தரையில். இரும்பு உருளையொன்றில் திருகுபோல் வளைந்த கத்திகள் சுழல, அவை அடியிலிருந்த நிலையான தகட்டோடு உரசிக் கத்தரிபோல் புல்லை நறுக்க, ஒருவர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார். உடன் வந்திருந்த பெரியப்பா, சேலையின் பின்புறத்தில் தொங்கும் புட்டா நூல்களைக் கத்தரித்தே கண் மங்கியவர், குனிந்து அந்த உருளையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது தோட்டக்காரன் சாமான் இல்லப்பா, துணிக்காரன் சாமான் மாதிரி இருக்கு" என்றார். தறி வீட்டாருக்கு எதைக் கண்டாலும் தறியாகத்தான் தோன்றும் என்று அன்று எல்லாரும் சிரித்தனர்.

பெரியப்பாவின் கணிப்பு எவ்வளவு சரியானது என்பது பிற்காலத்துப் படிப்பில்தான் தெரியவந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சுற்றிக் கம்பளித் துணி ஆலைகள் நிறைந்திருந்தன. நெய்த கம்பளியின் மேற்பரப்பில் எழும் மயிரிழைகளை ஒரே உயரத்துக்கு வெட்டிச் சமப்படுத்த அங்கே சுழலும் கத்திகள் கொண்ட எந்திரம் பயன்பட்டது. துணியில் செய்வதைப் புல்தரையில் ஏன் செய்யக் கூடாது என்று எண்ணிய எட்வின் பியர்டு பட்டிங் என்னும் பொறிவினைஞர், ஜான் பெராபி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 1830-இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அதைக் குதிரைகளும், இந்தியத் தோட்டங்களில் மாடுகளும் இழுத்தன. புல்தரையில் குளம்பு பதியாதிருக்கக் குதிரைகளுக்குத் தோலுறை மாட்டும் வழக்கமும் இருந்தது. 1902-இல் இங்கிலாந்தின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எந்திரம் பொருத்திய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆள் மேலே ஏறி அமர்ந்து ஓட்டும் வண்டியாக அது வளர்ந்தபோது, இதற்குமுன் எழாத ஒரு கேள்வியும் எழுந்தது: கத்தி கூர்மையாக இருக்கிறதா என்பதோடு, வண்டி கவிழாமல் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தக் கேள்வியை இக்கட்டுரையாளர் நேருக்கு நேர் சந்தித்தது நீலகிரியில். தொட்டபெட்டாவின் அடிவாரச் சரிவில் 1848-இல் உருவாகி, வில்லியம் கிரகாம் மெக்ஐவரின் கைவண்ணத்தில் படிப்படியாக எழுந்த உதகை அரசு தாவரவியல் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு, மலைச்சரிவில் புல்தரை எவ்வளவு அழகாக அமையும் என்பது தெரியும். அதைப் பேணுவோருக்கு மட்டுமே அதன் கடினம் தெரியும். உதகையை அடுத்த ஒரு வளாகத்தில் பணியாற்றிய காலத்தில், தோட்டத்துக்கென ஏறி ஓட்டும் புல்வெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரும் ஒருவராக அமர்த்தப்பட்டார். அங்கே வளர்ந்திருந்தது கிக்குயு புல்; ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த இது மெத்தைபோல் தடித்துப் படர்வதால், மூடுபனிக்குப் பின் காலுக்கடியில் ஈரப் பஞ்சுபோல் அமுங்கும். விலை, குதிரைத்திறன், வெட்டும் அகலம் ஆகிய மூன்று பத்திகளை மட்டுமே கொண்ட ஒப்பீட்டுப் பட்டியலைக் குழு தயாரித்திருந்தது. சரிவுக்கு அதில் பத்தியே இல்லை.

செயல்முறை காட்ட வண்டியோடு வந்திருந்த இளைஞர், சரிவின் முன் நிறுத்திவிட்டு, எப்படி ஓட்டட்டும் என்று கேட்டார். ஏரிக்கரையில் கற்ற பாடம் நாவில் தயாராக இருந்தது. குறுக்காகவே ஓட்டலாம், நேராக இறங்கினால் வழுக்கும் என்று கட்டுரையாளரே சொன்னார். சரிவில் பாதி தூரம் சென்றதும் மேற்பக்கச் சக்கரங்கள் ஒரு கல்லின் மேல் ஏற, கீழ்ப்பக்கச் சக்கரங்கள் ஈரப்புல்லில் அமுங்கிப் பிடியிழக்க, வண்டி ஒரு நொடி இரண்டு சக்கரத்தில் நின்று, பிறகு கவிழாமல் பக்கவாட்டிலேயே வழுக்கி, கீழிருந்த தேயிலை வேலியில் முட்டி நின்றது. இளைஞர் மேற்பக்கமாகத் தாவிவிட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு பிழைத்தார். கத்திகளை மூடிய தகட்டுக்கூடு மட்டும் நசுங்கியது. அன்று முகம் வெளிறி நின்றவர்களில் முதன்மையானவர், சொன்னபடி ஓட்டியவரல்லர், சொன்னவரே.

மறுநாள் வளாகத்துக் கொத்தனார், இரண்டு மீட்டர் நேர்ப்பலகையும் ரசமட்டமும் ஓர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு குழுவோடு சரிவில் நடந்தார். ரசமட்டம் என்பது நீர்மத்தில் மிதக்கும் குமிழியின் நிலையைக் கொண்டு பலகை கிடைமட்டமாக இருக்கிறதா என்று காட்டும் கருவி. பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். கிடைமட்டத்தில் ஒரு மீட்டருக்கு 27 செ.மீ. இறங்கினால் அது ஏறத்தாழ 15 பாகைச் சரிவு; 50 செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ 27 பாகை; 67 செ.மீ. என்றால் ஏறத்தாழ 34 பாகை. ஏறி ஓட்டும் சாதாரணப் புல்வெட்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகையையே எல்லையாகச் சொல்கின்றன. நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய வகைகள் சிலவற்றுக்கு அது 10 பாகைதான். ஆயா நாள்தோறும் ஏறி இறங்கிய ஏரிக்கரையின் சரிவோ, கரை கட்டும் கணக்கின்படி, 27 முதல் 34 பாகை. அவர் வெறுங்காலோடு நின்ற இடத்தில் இந்த வண்டிக்கு நிற்கும் தகுதியே இல்லை.

இதன் காரணத்தை ஈர்ப்பு மையத்தைக் கொண்டு எளிதாக விளக்கலாம். ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய புள்ளியே ஈர்ப்பு மையம். அப்புள்ளியிலிருந்து நேர்கீழே இறக்கிய தூக்குநூல் கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு வெளியே விழுந்தால் வண்டி கவிழும். எடுத்துக்காட்டாக, இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமும், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட வண்டி, அசையாமல் நிற்கும்வரை ஏறத்தாழ 40 பாகை வரை தாங்கும் என்று கணக்கு காட்டும். ஆனால் ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் மையம் மேலே போகிறது. ஒரு கல்லோ எலிவளையோ எதிர்ப்பட்டால் சாய்வு திடீரெனக் கூடுகிறது. திரும்பும்போது வெளிநோக்கிய உந்தல் சேர்கிறது. ஈரப்புல்லில் வண்டி கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடுகிறது. காகிதத்தில் 40 ஆக இருப்பது களத்தில் 15 ஆகச் சுருங்குவதற்கு இவையே காரணம்.

அகலத்தைவிட நீளம் மிகுந்த வண்டி, முன்பின்னாகக் கவிழ்வதைக் காட்டிலும் பக்கவாட்டில் எளிதாகக் கவிழும். ஆகவே ஏறி ஓட்டும் புல்வெட்டியைச் சரிவில் மேலும் கீழுமாகவே செலுத்த வேண்டும். திரும்புவதைச் சமதரையில் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளிச் செல்லும் புல்வெட்டிக்கும் அரிவாளுக்கும் இது நேர்மாறு: மனிதர் வழுக்கினாலும் கத்தி அவர்மேல் உருளாதிருக்க, அவர் குறுக்காகவே நடக்க வேண்டும். நெசவாளர் மொழியில் சொன்னால், வண்டிக்குச் சரிவு பாவாகவும், காலுக்கு ஊடையாகவும் அமைகிறது. ஆயா சொன்னதில் பிழையில்லை. அது காலுக்குச் சொன்ன சொல். அதைச் சக்கரத்துக்குச் சொன்னதே பிழை.

அதன்பின் ஒப்பீட்டுப் பட்டியலின் பத்திகளே மாறின. குதிரைத்திறனுக்கு முன்னால் அகன்ற சக்கர இடைவெளியும் தாழ்ந்த ஈர்ப்பு மையமும் வந்தன. நான்கு சக்கரங்களும் உந்தப்படுகின்றனவா, டயரில் ஆழ்ந்த பல்வரிகள் உள்ளனவா என்பவை பார்க்கப்பட்டன. இறங்கும்போது வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் நீரழுத்தச் செலுத்தம், அதாவது பல்சக்கரங்களுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இயக்கும் அமைப்பு, வேண்டும் என்றாயிற்று. சிறிய எந்திரங்கள் பலவற்றில் மசகு எண்ணெய் தெறித்தே உள்ளுறுப்புகளை நனைக்கிறது. நெடுநேரம் சாய்ந்தே ஓடினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி எந்திரம் வறண்டு தேயும் என்பதால், அழுத்தத்தோடு எண்ணெயைச் செலுத்தும் வகையே சரிவுக்கு ஏற்றது. ஓட்டுநரின் தலைக்குமேல் எழும் கவிழ்தடுப்புச் சட்டம் இருந்தால் இருக்கைப்பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் அதை அணியக் கூடாது, ஏனெனில் கவிழும் வண்டியோடு பட்டை ஆளைக் கட்டிப்போட்டுவிடும். 30 பாகை வரை செல்லும் இரட்டைச் சக்கர வண்டிகளும், அதற்கும் மேலே ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்திரங்களும் உலகச் சந்தையில் இருந்தாலும், வளாகத்தின் பணப்பைக்கு அவை எட்டவில்லை.

முடிவில் கொத்தனாரின் அளவுகளைக் கொண்டு வளாக வரைபடம் மூன்று நிறங்களில் தீட்டப்பட்டது. 15 பாகைக்கு உட்பட்ட பகுதிக்குச் சிறிய நான்கு சக்கர உந்து வண்டி ஒன்று வாங்கப்பட்டது; அதற்கு மேற்பட்ட சரிவு தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ்கட்டருக்கும் அரிவாளுக்கும் விடப்பட்டது; நிற்கவே கடினமான இடங்களில் புல் வெட்டும் எண்ணத்தையே கைவிட்டு, மண்ணைப் பிடிக்கும் புதர்களும் வெட்டிவேரும் நடப்பட்டன. பெரிய எந்திரம் வாங்கும் நோக்கத்தோடு கூடிய குழு, எங்கெங்கே எந்திரம் ஏறக் கூடாது என்பதைத் தீர்மானித்துக் கலைந்தது.

இன்று பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இருசக்கர வண்டிகளின் நெரிசலுக்கிடையே பாவு விரிப்பது அரிதாகிவிட்டது. மாட்டுத் தொழுவங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. அறுப்பாரில்லாத ஏரிக்கரைகளில் அருகின் இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டுள்ளது. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலிலும் அந்தக் காலைப்பொழுதில் புல்லை வெட்டிக்கொண்டிருந்தது ஒரு பிரஷ்கட்டர். நைலான் நரம்பு சுழன்று புல்லைச் சிதறடிக்க, கைதட்டிக்கொண்டு முன்னே நடக்கப் பிள்ளைகள் யாரும் இல்லை; இருந்தாலும் அந்த இரைச்சலில் கைத்தட்டல் கேட்டிருக்காது.

கோயிலின் பின்புறத்தில் மேடையோடு கூடிய குரா மரம் ஒன்று நிற்கிறது. வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்று அதைப் போற்றும் பாடல் அங்கேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்றிலுமுள்ள புல்லோ ஒவ்வொரு மழைக்கும் வளர்ந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் குறைகிறது. எந்திரத்தோடு அந்த மேடையை நெருங்கிய தொழிலாளி, நைலான் நரம்பு பட்டால் மரப்பட்டை உரியும் என்பதால், விசையை அணைத்துத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். இடுப்பிலிருந்து கருக்கரிவாளை எடுத்து, மேடையோரம் குந்தி அமர்ந்து, முதலில் அதன் முதுகால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார், பாம்புக்காக இருக்கலாம். ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தபோது, பெட்ரோல் புகை மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.